குரலுக்கு ஓய்வு

தூத்துக்குடி
15 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை டெல்பினுக்கு,

உறையின் மேல் உன் மடத்துப் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். உள்ளே வந்துவிட்டால் எனக்கு நீ டெல்பின்தான். மதர் முதலில் பிரித்துப் படிப்பார் என்பதால் அவருக்கும் என் வணக்கம். இங்கே நான், கிளைட்டன், ஜெனோ மூவரும் சுகம். மலையில் குளிர் ஆரம்பித்திருக்கும், உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மாதா கோயில் திருவிழாவில் ஐஸ் சாப்பிட்டதில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. திருவிழா முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் விடவில்லை. அது கிடக்கட்டும். நீ எங்கள் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்த காலத்தில் ஒரு தரமதிப்பீட்டுக் குழு வந்ததே, நினைவிருக்கிறதா? கல்லூரிக்கு மார்க் போட்டுவிட்டுப் போனார்களே, அதே குழு மார்ச்சில் மறுபடி வருகிறது. பிரின்சிபல் மேடம் என்னைக் கூப்பிட்டு, "மெட்டில்டா, ஒன்னைய விட்டா கமிட்மென்ட் உள்ள ஆளு இங்கன யாரு இருக்கா?" என்றார். பதினெட்டு வருடத்தில் அந்தக் கமிட்மென்ட் என்ற சொல்லை யார் என்னிடம் சொன்னாலும் கூடவே ஒரு ஃபைலும் வந்திருக்கிறது. இந்த முறை ஒரு அலமாரியே வந்திருக்கிறது.

விலங்கியலில் வாரத்துக்குப் பதினாறு மணி நேர வகுப்பும் அப்படியே இருக்கிறது. கிளைட்டனுக்குத் துறைமுகத்தில் கப்பல் இழுக்கிற டக் படகில் ஷிப்ட் மாறி மாறி வருகிறது. ஜெனோ பிளஸ் ஒன். அம்மாவையே தாண்டி வளர்ந்துவிட்டாள்.

உன் ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

பாசமுள்ள அக்கா,
மெட்டில்டா

*

மலை மடம்
3 அக்டோபர் 2024

சேசுவுக்குத் தோத்திரம்.

அக்காவுக்கு, உன் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. முழங்கால் தேவலை. முழந்தாளிடுகிற வேலைக்கு வந்தவள் முழங்காலைக் குறை சொல்லக் கூடாது என்று மதர் சிரிக்கிறார்.

ஐஸ் சாப்பிட்ட தொண்டை இரண்டு மாதமா கட்டிக்கொண்டிருக்கும்? மைக் இல்லாமல் எழுபது பிள்ளைகளுக்குக் கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி பாடம் நடத்துகிறவள் நீ. உன் வகுப்பு நடக்கும்போது அடுத்த அறையில் நான் என் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து உன் பாடத்தைக் கேட்டிருக்கிறேன். உடனே டாக்டரைப் பார். பார்த்தாயா என்பதை எழுது. அத்தானுக்கும் ஜெனோவுக்கும் என் அன்பு.

கிறிஸ்துவில் உன் தங்கை,
டெல்பின்

*

தூத்துக்குடி
10 நவம்பர் 2024

அன்பு டெல்பின்,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக் கை போனது. பாதி நலம் என்று வைத்துக்கொள்.

நீ சொன்னபடி பாளையங்கோட்டையில் டாக்டர் ஏசுவடியானைப் பார்த்தேன். மூக்கு வழியாகக் கேமராவை விட்டுத் திரையில் காட்டினார். குரல்நாண்களில் இரண்டு தடிப்புகள், பச்சரிசி அளவு. ஓட்டுநருக்கு முதுகு தேய்கிற மாதிரி வாத்தியாருக்கு வருகிற சீக்காம் இது. "ஆறு வாரம் குரலுக்கு ஓய்வு குடுங்க டீச்சர். கிசுகிசுன்னு பேசுறதும் கூடாது. அதுலயே கரைஞ்சிட்டா நல்லது. இல்லன்னா ஆபரேஷன்தான். பிறகு பழைய குரல் வரும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

குரல் போனால் வேலை போனது மாதிரிதான். பயந்துதான் போனேன் டெல்பின், உன்னிடம் சொல்வதற்கென்ன. இன்றைக்கே மௌனத்தைத் தொடங்கிவிட்டேன். காலையிலிருந்து நான்கு முறை மறந்து பேசியாயிற்று. பதினோரு வருடமாக நீ பேசாமல் இருக்கிறாய். பேசாமல் இருப்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடு. கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

உன் அக்கா,
மெட்டில்டா

*

மலை மடம்
22 நவம்பர் 2024

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்புள்ள அக்கா, டாக்டர் சொன்னதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. உனக்காக ஒரு நவநாள் ஜெபம் தொடங்கியிருக்கிறேன். கல்லூரியில் ஆறு வாரம் விடுப்புத் தந்திருப்பார்கள், அதுவே பெரிய காரியம். பிரின்சிபல் மேடத்தை நான் என்னவோ என்று நினைத்திருந்தேன்.

கேட்டாய், எழுதுகிறேன். முதல் வாரம் வாய் தானாகத் திறக்கும். அதற்காகக் கோபப்படாதே. புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாவற்றையும் சீட்டில் எழுதி எழுதி நீட்டுவார்கள், அதுவும் பேச்சுதான், கைதான் வலிக்கும். ஜாடைகளைக் குறைவாக வைத்துக்கொள். எங்கள் மடத்தில் மேசையை இரண்டு தட்டு தட்டினால் "வா", ஒரு தட்டு தட்டினால் "பிறகு வா". உள்ளங்கையை நெஞ்சில் வைத்தால் நன்றி. பாதி நாள் இவ்வளவிலேயே ஓடிவிடும். யாராவது ஏதாவது கேட்டால் உடனே தலையாட்டாதே, மூச்சு ஒன்று விட்டுவிட்டு ஆட்டு. பாதிக் கேள்விகளுக்கு அதற்குள் அவர்களே பதில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பேசாத முகம் பார்க்கிறவருக்குக் கோபமாகத் தெரியும், அதை மட்டும் கவனித்துக்கொள். திருவருகைக்காலம் பிறப்பதால் டிசம்பர் முதல் தேதியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குத் தபால் கிடையாது. அதற்குள் உன் ஆறு வாரமும் முடிந்திருக்கும். நல்ல செய்தி எழுது.

உன் தங்கை,
டெல்பின்

*

தூத்துக்குடி
29 டிசம்பர் 2024

அன்பு டெல்பினுக்குக் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். மதருக்கும் சகோதரிகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு டின் மக்ரூன் அனுப்பியிருக்கிறேன். தபாலில் பாதி நொறுங்கியிருந்தால் நொறுங்கியதை நீ சாப்பிடு.

உன் பாடம் நன்றாக வேலை செய்கிறது. இரண்டு தட்டு, ஒரு தட்டு எல்லாம் இப்போது எங்கள் வீட்டுப் பாஷை. கிளைட்டனுக்குப் பிரச்சினையே இல்லை, டக்கில் நாளெல்லாம் கையை ஆட்டித்தான் கயிறு கட்டச் சொல்கிறவர். நான் சமைக்கும்போது குசினிக்கு வந்து, "ஏளா, இப்படியே இரி. வீடு அமைதியா இருக்கு" என்று கிண்டல் செய்துவிட்டுப் போகிறார். ஜெனோ தொந்தரவு செய்வதே இல்லை. முன்னெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாய் மூடாது, இப்போது என்னை மாதிரியே ஆகிவிட்டாள். நல்ல பிள்ளை.

குழு வரும் தேதி முடிவாகிவிட்டது, மார்ச் 17, 18. ஏழு பிரிவு அறிக்கையில் நான்கு முடித்துவிட்டோம். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கருவியல் பாடம் முடிந்து முத்துச்சிப்பி வளர்ப்புத் தாளும் தொடங்கியாயிற்று.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
மெட்டில்டா

*

மலை மடம்
12 ஜனவரி 2025

சேசுவுக்குத் தோத்திரம்.

அக்கா, மக்ரூன் முழுசாகவே வந்தது. ஒன்றுகூட உடையவில்லை. சகோதரிகள் உள்ளங்கையை நெஞ்சில் வைத்தார்கள்.

விடுப்பைப் பற்றி எழுதியிருந்தேன், நீ பதில் எழுதவில்லை. ஆறு வாரம் கழித்து டாக்டரைப் பார்த்தாயா என்பதும் கடிதத்தில் இல்லை. பாடம் தொடங்கியாயிற்று என்று எழுதியிருக்கிறாய். தொடங்கியது யார்? நான் கடிதத்தை நிதானமாகப் படிக்கிறவள். எனக்கு மாதத்துக்கு ஒன்றிரண்டுதான் வருகிறது.

பதிலை எதிர்பார்க்கும்,
டெல்பின்

*

தூத்துக்குடி
16 பிப்ரவரி 2025

அன்பு டெல்பின்,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள், எழுத உட்காரவே நேரமில்லை. அனைவரும் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

டாக்டரைப் பார்த்தேன். தடிப்பு அப்படியே இருக்கிறது, கொஞ்சம் கூடியிருக்கிறது என்றும் சொல்லலாம். "ஓய்வு குடுத்தும் கரையலியே, ஆச்சரியமா இருக்கு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பேசக் கூடாது என்பது அவர் உத்தரவுதானே.

குழு வந்துவிட்டுப் போகட்டும், எல்லாம் சரியாகிவிடும். இங்கே இப்போதே வெயில். உனக்குக் கம்பளிச் சால்வை ஏதும் வேண்டுமா?

மெட்டில்டா

*

மலை மடம்
2 மார்ச் 2025

சேசுவுக்குத் தோத்திரம்.

அக்கா, சால்வை வேண்டாம்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். நீ எங்கே பேசாமல் இருக்கிறாய்?

புதன்கிழமை சாம்பல் புதன். அன்றிலிருந்து தவக்காலம் முடிந்து உயிர்ப்புப் பாஸ்கா வரை எங்களுக்குத் தபால் இல்லை. வருகிற கடிதங்கள் பிரிக்கப்படாமல் மதரின் மேசை டிராயரில் கிடக்கும், அவரும் பிரிக்க மாட்டார். செவ்வாய்க்குள் உன் பதில் வந்து சேராது என்று தெரியும். இருந்தாலும் கேட்டுவைக்கிறேன். இந்த நாற்பது நாளில் என்னிடம் சொல்லாவிட்டாலும் உன்னிடம் சொல்லிக்கொள்.

டெல்பின்

*

தூத்துக்குடி
9 மார்ச் 2025

அன்புள்ள சித்திக்கு,

நான் ஜெனோ. நீங்கள் நலமா? நான் உங்களுக்குத் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. பிளஸ் ஒன் பரீட்சை நடக்கிறது, தமிழ் முடிந்தது, சுமாராக எழுதியிருக்கிறேன். இதை அம்மாவுக்குத் தெரியாமல் அனுப்புகிறேன்.

அம்மா வீட்டில் பேசி நான்கு மாதம் ஆகிறது. கல்லூரியில் பேசுகிறாள். எல்லா வகுப்பும் எடுக்கிறாள், மீட்டிங் எல்லாம் பேசுகிறாள், இப்போது சட்டையில் மாட்டுகிற மைக் வாங்கியிருக்கிறாள். டாக்டர் மொத்தமாகப் பேச்சைக் குறைக்கச் சொன்னாராம், அதனால் வீட்டில் குறைத்துவிட்டாள். மிச்சம் பிடித்து வைப்பதை மறுநாள் அங்கே கொண்டுபோய்ப் பேசுகிறாள். அப்பாவிடம் கேட்டேன். "விசிட் முடியட்டும் மக்கா, அம்மைக்கு வேல போயிரக் கூடாதுல்லா" என்று சொல்லிவிட்டார்.

பேசாமல் இருக்கச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானாமே. இரண்டு தட்டு தட்டினால் வா, ஒரு தட்டு தட்டினால் பிறகு வா. எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு தட்டுதான் சித்தி.

போன மாதம் அம்மா ஐடி கார்டை மறந்துவிட்டுப் போய்விட்டாள். நான் சைக்கிளில் கொண்டுபோனேன். இரண்டாவது மாடியில் வராந்தாவில் போகும்போது அம்மாவின் சத்தம் கேட்டது. கரகரவென்றுதான் இருந்தது. முத்துச்சிப்பி எப்படி வாயைத் திறந்து மூடும் என்று கையை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு பிள்ளை என்னவோ சொன்னாள், அம்மா சத்தமாகச் சிரித்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு பெல் அடிக்கிற வரைக்கும் கேட்டேன். உள்ளே போகவில்லை. போனால் நிறுத்திவிடுவாளோ என்று இருந்தது. கார்டை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பிள்ளைகள் மேல்தான் கொஞ்சம் பொறாமை. நீங்கள் அம்மாவுக்கு எழுதினால் அம்மா கேட்பாள்.

இப்படிக்கு,
ஜெனோ

*

தூத்துக்குடி
23 மார்ச் 2025

அன்பு டெல்பின்,

இந்தக் கடிதம் டிராயரில்தான் கிடக்கப் போகிறது என்று தெரிந்தே எழுதுகிறேன். உடனே படிக்க மாட்டாய் என்பதால் கை கூசாமல் எழுத வருகிறது.

எங்கே பேசாமல் இருக்கிறாய் என்று போன கடிதத்தில் கேட்டாய். வீட்டில்தான் பேசாமல் இருந்தேன். விடுப்பு யாரும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தந்திருப்பார்களோ என்னவோ. கேட்டால் அந்த அலமாரியை வேறு ஒருத்தி திறப்பாள், அது எனக்குப் பிடிக்கவில்லை. பிரின்சிபல் மேலேயே பழியைப் போட்டு எழுத நினைத்தேன், மதர் படிப்பார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அது பொய்.

குழு வந்தது. பதினேழாம் தேதி காலையில் அறிக்கையை நான்தான் வாசித்தேன். ஆறு பிரிவு தாண்டிவிட்டேன். ஏழாவதில் கல்லூரியின் சிறந்த நடைமுறைகளைச் சொல்ல வேண்டும். "பெண் ஆசிரியர்களின் பணி வாழ்க்கைச் சமநிலைக்கு" என்று தொடங்கினேன். ஆசிரியைகளுக்கு வாரம் ஒரு மணி நேர யோகா என்று திரையில் படம். அந்த யோகாவுக்கு நான் ஒரு நாளும் போனதில்லை, பெயர்ப் பட்டியலில் மட்டும் முதலில் இருக்கிறேன். அந்த வரியிலேயே குரல் நின்றுவிட்டது. வாய் அசைகிறது, காற்றுதான் வருகிறது. தண்ணீர் குடித்துப் பார்த்தேன். பிறகு எங்கள் துறையின் கிருபை எழுந்து வந்து மீதியை வாசித்தாள். தப்பில்லாமல் வாசித்தாள்.

கடைசியில் குழுத் தலைவர் என்னைச் சுட்டிக்காட்டி, இப்படி ஒரு கமிட்மென்ட் பார்த்ததில்லை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். ஜெனோ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்துவிட்டது, இனி பேசலாம் என்று அவளிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பதறி மேசையைப் பிடித்தேன், விரல் மேசையில் ஒரு முறை இடித்தது. அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "சரிம்மா, பிறகு வாரேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

ஒரு தடிப்பில் ரத்தம் கசிந்திருக்கிறதாம். ஏப்ரல் ஏழாம் தேதி ஆபரேஷன்.

மெட்டில்டா

*

மலை மடம்
21 ஏப்ரல் 2025

உயிர்த்த சேசுவுக்குத் தோத்திரம்.

அக்கா, பாஸ்கா வாழ்த்துகள். ஆபரேஷன் ஆகி எப்படி இருக்கிறாய்?

இன்று காலையில்தான் டிராயர் திறந்தது. எனக்கு இரண்டு கடிதங்கள் இருந்தன, ஒன்று உன்னுடையது, இன்னொன்று ஜெனோவுடையது. அவள் எழுதியதை நான் உனக்குச் சொல்லப் போவதில்லை, அவளிடமே கேள். ஏழாம் தேதி உன்னை மயக்கி மேசையில் கிடத்தியிருந்த நேரத்தில் நான் தோட்டத்தில் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குக் கோபம் வந்தது அக்கா, அழுகையும் வந்தது. மதர் என்னைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்.

தப்பு என்னுடையதும்தான். பேசாமல் இருப்பது எப்படி என்று ஒரு பக்கம் எழுதினேன், பாதியை விட்டுவிட்டேன். எங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பேச்சு உண்டு. அந்த ஒரு மணி நேரம் பேசியே ஆக வேண்டும். தலைவலி என்று அறையில் படுத்தால் மதர் ஆள் அனுப்புவார். "நீ பேசாம இருந்தா மத்தவங்க யாரோட இருக்கிறது?" என்று கேட்பார். பேச்சை எங்கே நிறுத்துவது என்பதைவிட, எங்கே நிறுத்தவே கூடாது என்பதைத்தான் இங்கே முதலில் சொல்லித் தருகிறார்கள். பழகிப்போனதில் எழுத மறந்துவிட்டேன்.

குரல் எவ்வளவு திரும்பி வருமோ தெரியாது. வருவதை யாருக்கு முதலில் கொடுக்கப் போகிறாய் என்பதை மட்டும் எனக்கு எழுது.

உன் தங்கை,
டெல்பின்

*

தூத்துக்குடி
4 மே 2025

அன்பு டெல்பின்,

உனக்கும் மடத்தில் எல்லோருக்கும் நலம் உண்டாகட்டும். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மூன்று வாரம் யாரிடமும், எங்கும், ஒரு சொல் பேசவில்லை. இந்த முறை உண்மையிலேயே.

இருபத்தெட்டாம் தேதி டாக்டர் பார்த்தார். பழைய குரல் முழுசாக வராதாம், முக்கால்வாசி வரலாமாம். "நாளையில இருந்து ஒரு நாளைக்கு அஞ்சு நிமிசம் பேசலாம். சேர்த்து வச்சிட்டு மறுநாள் பத்தா பேசக் கூடாது. வாரத்துக்கு அஞ்சஞ்சு நிமிசமா கூட்டுவோம்" என்றார். வகுப்பு எடுக்கிற அளவுக்கு எப்போது வரும் என்று எழுதிக் கேட்டேன். ஜூனில் சொல்ல முடியாது என்றார். அதையே இன்னொரு தடவை எழுதி நீட்டினேன், மறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் ஐந்து நிமிடம். நாள் கணக்கில் யோசித்து வைத்திருந்தேன், ஜெனோவிடம் மன்னிப்புக் கேட்பது, தூணுக்குப் பின்னால் அவள் நின்றதைப் பற்றிக் கேட்பது என்று. நீ சொன்னபடி சீட்டில் கேட்டபோது அதை அவளே எனக்கு எழுதிக் காட்டியிருந்தாள். கிளைட்டன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் வாயைத் திறந்தேன். கட்டிலில் அவள் போட்டிருந்த ஈரத் துண்டு கண்ணில் பட்டது. "ஏளா, எத்தன தடவ சொல்லுதேன், ஈரத் துண்ட மெத்தையில போடாதன்னு" என்று ஆரம்பித்தவள்தான், துண்டிலிருந்து செருப்புக்கு, செருப்பிலிருந்து போனுக்கு, போனிலிருந்து கணக்குப் பாடத்துக்கு என்று ஐந்து நிமிடமும் திட்டித் தீர்த்துவிட்டேன். குரல் தகரத்தைத் தேய்த்த மாதிரி இருந்தது. கிளைட்டன் கையைத் தூக்கியதும் நிறுத்தினேன். ஜெனோ அசையாமல் உட்கார்ந்திருந்தாள், கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. "இன்னும் கொஞ்சம் திட்டும்மா" என்றாள். மன்னிப்பைப் புதன்கிழமை கேட்டேன். அதற்கு ஐந்து நிமிடம் போதவில்லை.

வியாழக்கிழமை காலையில் பிரின்சிபல் மேடத்திடமிருந்து போன். ஜெனோதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். முடிவு வந்துவிட்டதாம், நாங்கள் எதிர்பார்த்ததைவிட ஒரு கிரேடு கூட. எனக்குச் சந்தோஷம்தான் டெல்பின், அந்த அலமாரி என்னுடையதுதானே. சனிக்கிழமை பாராட்டு விழா. "நன்றியுரை மெட்டில்டாதான் சொல்லணும் மக்கா. அவளுக்கு உள்ள மரியாதை அது. பெருசால்லாம் வேண்டாம், அஞ்சே அஞ்சு நிமிசம். அம்மைகிட்ட கேளு" என்றார்.

எனக்கு ஆசையாக இருந்தது. அந்த மேடையும் அந்த மைக்கும் எனக்குத் தெரியும். ஜெனோ போனைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். ஒரு தட்டு கேட்கப் போகிறது என்று நினைத்திருப்பாள் போல.

பேப்பரை இழுத்து எழுதி அவளிடம் நீட்டினேன். அவள் வாசித்தாள். "மேடம், அம்மா எழுதியிருக்காங்க. நன்றியுரையைக் கிருபை சொல்லட்டும், மீதி அறிக்கையை வாசித்தவள் அவள்தான். சனிக்கிழமைக்கு உள்ள என் ஐந்து நிமிடத்தையும் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன்." அந்த வரியில் அவளுக்குக் குரல் நின்றுவிட்டது.

போனில் பிரின்சிபல் மேடம், "யாருக்கு? யாருக்குளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எனக்கு மேடம்" என்றாள் ஜெனோ.

உன் அக்கா,
மெட்டில்டா